தராசு சொல்லாத விலை

பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு மூதாட்டி தன் சுருக்குப் பையிலிருந்து பழைய வெள்ளி ரூபாய்களை எடுத்துக் கடை மேசையில் வைக்கிறார் என்று கொள்வோம். மதுரைத் தெற்காவணி மூல வீதியானாலும் சிற்றூர்க் கடைத்தெருவானாலும், காசுகள் மொத்தமாகத் தராசில் ஏறும். அன்றைய வெள்ளி விலையில் கணக்கு முடியும். அவற்றில் ஒன்று 1939-ஆம் ஆண்டு ரூபாய். கடைக்காரர் கண்ணில் அது பட்டுவிட்டது. மூதாட்டிக்கு ஒன்றும் தெரியாது. கடைக்காரர் வாய் திறக்க வேண்டுமா?

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த அந்த ரூபாயும் மற்றவற்றைப் போல 11.66 கிராம்தான், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர் மூண்டதும் வெள்ளி பதுங்கத் தொடங்கியது. 1940 முதல் அரசு ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. பழைய தரத்தில் அடித்த கடைசி ஆண்டுக் காசு மிகக் குறைவாகவே மிஞ்சியிருப்பதால், சேகரிப்பாளர்கள் அதற்கு வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு தருகிறார்கள். தராசுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

சட்டம் கடைக்காரர் பக்கம் சாய்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடி ஆகாது. அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆண்டையும் நாணயச்சாலைக் குறியையும் பார்த்துத் தரம் பிரிக்க வருடக்கணக்கில் கற்றிருக்கிறார். போலிக் காசை வாங்கி ஏமாறும் அபாயமும் அவருடையதே. வாங்கியது உடனே விற்காது, முதல் முடங்கும். இதற்கெல்லாம் கூலி வேண்டாமா? வேண்டும். பாதி விலைக்குக் கேட்டால்கூடத் தவறில்லை, அது எதில் பாதி என்று விற்பவருக்கும் தெரிந்திருந்தால்.

இதையே திருப்பிப் பார்க்கலாம். கடைத் தட்டில் மலிவாகக் கிடக்கும் அரிய காசை ஒரு சேகரிப்பாளர் கண்டுகொண்டு, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிப் போகிறார். அவர்மேல் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. விலை வைத்தவர் அதே தொழிலில் இருப்பவர், பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. மூதாட்டிக்கு அந்த வாய்ப்பே இல்லை. மேலும் அவர், "இது என்ன பெறும்?" என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லும்போது கடைக்காரர் வாங்குபவராக மட்டும் இல்லை. மதிப்பிட்டுச் சொல்பவராகவும் ஆகிறார். அப்போது வெள்ளி விலையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பொய்தான். மௌனத்துக்குச் சட்டம் தரும் காப்பு இந்தப் பதிலுக்குப் பொருந்தாது.

நகையில் இது இன்னும் மறைவாக நடக்கக்கூடும். பழைய கெம்பு அட்டிகையை விற்கப் போனால் கல்லையும் அரக்கையும் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் விலை போடுவது பரவலான வழக்கம். கண்ணாடிக் கல் என்றால் சரி. பர்மா கெம்பு என்று தெரிந்த பின்னும் கழிவுக் கணக்கில் எழுதி, கல்லைத் தானே வைத்துக்கொண்டால் அதைத் திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும். விற்க வருபவர் பெரும்பாலும் நெருக்கடியில் வருகிறார். மருத்துவச் செலவோ வட்டியோ துரத்தும்போது நாலு கடை ஏறி விசாரிக்க யாருக்குப் பொழுது இருக்கும்? கடைக்காரரின் கற்றறிவு அவர் உழைத்துச் சேர்த்தது, அதற்கு அவர் விலை கேட்கலாம். வந்தவரின் நெருக்கடி அப்படியல்ல.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: தராசில் ஏற்றும் முன் அந்தக் காசைத் தனியே எடுத்து வையுங்கள். அது இன்னது என்று சொல்லுங்கள். உங்கள் லாபத்தையும் சொல்லியே விலை கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டு அவர் வேறு கடைக்கு விசாரிக்கப் போனால், போகட்டும்.