குரங்குப் பிடி, பூனைப் பிடி

“நக்கோ பாய், இத்னா டைட் நக்கோ பகடோ!”

ஹைதராபாத் தக்னியில் இதற்கு ‘வேண்டாம்பா, இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே’ என்று அர்த்தம். சொன்னவர் டோலிசௌக்கியில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். நாங்கள் ஐந்து பேரும் அவரை ‘பாய்’ என்போம். அவருக்கு நாங்கள் ஐந்து பேரும் ‘பாய்’. விகாராபாதுக்கு அப்பால் ஓர் ஓடை மணலில் மல்லாந்து கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ஜின் நின்றுவிட்டது. முன்சக்கரம் மட்டும் காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று காலையில் இது மூன்றாவது தடவை.

எனக்கு 48 வயது. வாரம் முழுக்க அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்கிற வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் எக்ஸ்பல்ஸ் பைக்கை எடுத்துக்கொண்டு பாதை இல்லாத இடம் தேடிப் போகிறோம். மெஹதிப்பட்டணத்தில் இரானி சாய், உஸ்மானியா பிஸ்கட். பிறகு சில்கூர் பாலாஜி. ‘விசா பாலாஜி’ என்று பெயர் வாங்கிய பெருமாள். அவர் கோயிலில் உண்டியலே கிடையாது. வேண்டிக்கொண்டு 11 சுற்று, பலித்தால் 108 சுற்று. எங்களில் ஒருவர் ஒவ்வொரு தடவையும் 11 சுற்றி முடித்துத்தான் ஹெல்மெட் மாட்டுவார். ‘பெருமாள் காப்பாற்றுவார் என்றால் ஹெல்மெட் எதற்கு?’ என்று இன்னொருவர் சீண்டுவார். சேவெள்ளா சாலையின் பழைய ஆலமரங்களுக்கடியில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேலிதான் காதில் ஓடிக்கொண்டிருக்கும். ஏனென்றால் நான் வளர்ந்ததே அந்தக் கேள்விக்குள்தான்.

அப்பா வீடு ஸ்ரீரங்கம், தென்கலை. அம்மா காஞ்சிபுரத்துப் பெண், வடகலை. வைணவத்தின் இந்த இரண்டு கலைக்கும் நடுவே நாமத்தின் வடிவம் முதல் கோயிலில் யார் முதலில் சேவிப்பது வரை சண்டை உண்டு. கோர்ட்டுப் படி ஏறிய வழக்குகளும் உண்டு. எங்கள் வீட்டில் அது சமையலறையோடு நின்றது. சண்டையின் வேர் என்னவோ அழகான ஒரு கேள்விதான்: பெருமாள் ஜீவனைக் காப்பாற்றுகிறபோது ஜீவன் ஏதாவது செய்யவேண்டுமா?

குரங்குக்குட்டி மாதிரி என்பது வடகலை. தாய் மரத்துக்கு மரம் தாவும், ஆனால் வயிற்றைக் குட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அருள் அவனுடையதுதான், அது இறங்க நம் பக்கம் ஒரு சின்ன வியாஜமாவது, ஒரு சாக்காவது வேண்டும் என்பார் வேதாந்த தேசிகர். பூனைக்குட்டி மாதிரி என்பது தென்கலை. அதற்கு ஒரு வேலையும் இல்லை. தாய் கவ்விக்கொண்டு போகும். காரணம் எதுவும் கேட்காமல் வருவதுதான் கிருபை என்பது பிள்ளை லோகாசாரியர் வழி. “பூனைக்குட்டி தாயைப் பிடிக்கறதாடா? தாய்தானே கவ்விண்டு போறது” என்பாள் பாட்டி. அடுக்களையிலிருந்து அம்மா, “பிடிச்சுக்கற குட்டி பொழைக்கும்” என்பாள், யாருக்கும் சொல்லாததுபோல.

மணலில் நான் குரங்குக்குட்டி. முன்சக்கரம் அலைய ஆரம்பித்ததும் ஹேண்டில்பாரை உயிர்போகப் பிடித்தேன். அது இடதுபக்கம் போனால் வலதுபக்கம் இழுத்தேன். பயத்தில் ஆக்சிலேட்டரையும் விட்டேன். வேகம் குறைந்த நொடியில் எடை முழுவதும் முன்னால் சாய, சக்கரம் மணலில் புதைந்து என்னைக் கழற்றிப் போட்டது.

பாய் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். தொளதொளவென்று இருந்தால்தான் டயர் பரந்து மணலைப் பிடிக்குமாம். பிறகு பாடம் நடத்தினார். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், ஹேண்டில்பார் திரும்புகிற அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் மாதிரி, போகிற திசைக்குத் தானே வந்து சேரும் குணம் அதற்கு உண்டு. அலையும்; அலையவிட்டால் திரும்பிவிடும். நீ இறுக்கிப் பிடித்தால் அதை வேலை செய்யவிடாமல் தடுக்கிறாய். அதனால் கை லேசாக இருக்கட்டும், ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல. ஃபுட்பெக் மேல் எழுந்து நில். இரண்டு முட்டியாலும் டேங்கைக் கவ்விக்கொள். ஆக்சிலேட்டரை விடாதே. கல்லைப் பார்க்காதே, பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும்.

எழுந்து நின்று முட்டியால் கவ்விப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே பூனைக்குட்டி, இடுப்புக்குக் கீழே குரங்குக்குட்டி. ஓடை முழுவதையும் கடந்தபின்தான் இது தோன்றி, ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன். முப்பது வருஷம் சமையலறையில் ஓடிய வாதத்தை ஒரு மெக்கானிக் ஒரே உடம்பில் முடித்து வைத்துவிட்டாரே!

அந்தச் சந்தோஷம் மத்தியானச் சாப்பாடு வரைதான். பருத்தி வெடித்துக் கிடந்த ஒரு காட்டோரம், புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். பாய் வீட்டு பகாரா கானா, என் தயிர்சாதம், மாவடு. அண்ணாந்து பார்த்தபோது இன்னொரு புளியமரம் ஞாபகம் வந்தது.

நாங்கள் விளையாடிக்கொண்டிருந்த இந்த அனந்தகிரிச் சரிவுகளில்தான் மூசி நதி பிறக்கிறது. 1908 செப்டம்பர் 28ஆம் தேதி அது ஹைதராபாதுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களை அடித்துக்கொண்டு போயிற்று. அஃப்சல்கஞ்சில், இன்று உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் நிற்கும் புளியமரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் பிழைத்தார்கள். மரத்தை அவர்கள் பிடித்தார்களா, அவர்களை மரம் பிடித்துக்கொண்டதா? பாட்டியும் அம்மாவும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆனால் அன்று இன்னும் எத்தனை பேர், அதே பலத்தோடு, பெயர்ந்து போகப்போகிற மரங்களைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்! அவர்கள் பிடி தளர்ந்ததா, பெருமாளின் பிடி தளர்ந்ததா? மணலில் விழுந்து எழுந்தவன் பேச்சு இந்த இடத்தில் எடுபடாது. எனக்கு விழுவது ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. பூட்ஸும் முட்டிக் கவசமும் போட்டுக்கொண்டு, தூக்கிவிட நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து விழுகிறவன் நான். இரண்டு கலையும் அந்த வெள்ளத்துக்கு என்னிடம் பதில் தரவில்லை.

வாதத்தை விட்டுவிட்டு, வாதம் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று யோசித்தேன். 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, பூனைக்குட்டி வழிக்காரரான பிள்ளை லோகாசாரியர் அந்தக் கோயில் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே கிளம்பினார். தள்ளாத வயது. ராஜபாட்டையில் போக முடியாது, காடு, கரடு. வழியில் கள்ளர்கள் பெருமாளின் ஆபரணங்களைப் பறித்தார்கள் என்கிறது குருபரம்பரை. மதுரை யானைமலைக்குப் பின்னால், இன்று கொடிக்குளம் எனப்படும் ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. தேசிகரோ, அதே ஸ்ரீரங்கத்தில் பிணங்களுக்கு நடுவே படுத்து, நண்பர் சுதர்சன சூரி ஒப்படைத்த சுருதப்பிரகாசிகை ஏட்டையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றினார் என்பார்கள்.

குரங்குக்குட்டி என்றவரும் சுமந்தார். ‘உனக்கு ஒரு வேலையும் இல்லை, அவன் கவ்விக்கொண்டு போவான்’ என்றவரும் சுமந்தார். தாய்ப்பூனையையே குட்டி கவ்விக்கொண்டு ஓடிய கதை அது. இது முரண் என்று சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். “அது கைங்கரியம்டா” என்று முடித்துவிட்டாள். இப்போதுதான் கொஞ்சம் பிடிபடுகிறது. பிழைப்பதற்காகப் பிடிப்பது ஒன்று. அதைத்தான் என் கை மணலில் செய்தது. பிழைப்போமா என்ற கணக்கைக் கீழே வைத்துவிட்ட பிறகும் கையில் ஒரு வேலை மிச்சமிருக்கும். அந்தப் பிடி வேறு. அதில் பயம் இல்லாததால் இறுக்கமும் இல்லை. நம்பெருமாள் ஸ்ரீரங்கம் திரும்பியது 1371இல். 48 வருஷம், நான் பிறந்ததிலிருந்து இந்தப் புளியமரத்தடி வரை உள்ள காலம். தூக்கிக்கொண்டு போனவருக்கு அது தெரியாது. தெரியாமலே தூக்கினார்.

சாயங்காலம் அதே ஓடையைத் திரும்பக் கடந்தோம். பதினொரு சுற்று நண்பர் நட்டநடுவில் விழுந்தார். 150 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஐந்து பேர் சேர்ந்து தூக்கினோம். ஹெல்மெட்டைக் கேலி செய்தவர்தான் முதலில் ஓடிப்போய்ப் பின்சக்கரத்தைப் பிடித்தார்.

இருட்டின பிறகு சேவெள்ளாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன்.

“எங்கேடா இருக்கே? வண்டியில சுத்தறியா? ஜாக்கிரதை. கெட்டியாப் பிடிச்சுண்டு ஓட்டு.”

உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். போன மாதம் மாதிரி கொப்புளம் ஒன்றும் இல்லை. தொடையும் முட்டியும்தான் விண்விண்ணென்று வலித்தன.

“பிடிச்சுண்டுதாம்மா இருக்கேன்” என்றேன்.