பெயரும் ஒலியும்

பியானோ வாங்க விழைவோர் பெரும்பாலும் ஒலியைக் கேட்குமுன் பெயர்களையே ஒப்பிடுகின்றனர். 1853இல் நியூயோர்க்கில் ஸ்ரெயின்வேயும், பேர்லினில் பெக்ஸ்ரைனும், லீப்சிக்கில் புளூத்னரும் தோன்றின. அவற்றின் புகழ் தலைமுறைகளின் உழைப்பால் ஈட்டப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், பெயர் உறுதிப்படுத்துவது யாது? 1828இல் வியன்னாவில் நிறுவப்பட்ட பொசென்டோர்பர் 2008இல் யமஹாவின் உடைமையாயிற்று, பெயரோ மாறவில்லை. ஒரே தொழிற்சாலையில் உருவான இரு பியானோக்களும், மரத்தின் இயல்பாலும் சுத்தியலைப் போர்த்திய கம்பளத்தின் இறுக்கத்தாலும் ஒலியில் வேறுபடும். பேணப்படாதது, புகழ்பெற்ற பெயரைத் தாங்கியவாறே சுருதி பிசகும். எனவே, பெயர் தேடலைத் தொடக்கிவைக்கலாம். தீர்ப்பளிக்கும் உரிமை செவிக்கே உரியது. முன்னிற்பதன் குரலைக் கேளாது குலத்தை மட்டும் வினவுவது அறிவுச் சோம்பல், அநீதியுங்கூட. மனிதரை மதிப்பிடுகையிலும் நாம் இழைத்துவரும் அநீதி இதுவேயன்றோ?