ஜெயத்திற்காக வேண்டலாமா?



ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் நம் படாளத்துச் சிறுவன் ஒருவன் என்னை வழிமறித்தான். அன்று மாலை மதுராந்தகத்துப் பையன்களோடு கால்பந்துப் பந்தயம். “எங்கள் கட்சி ஜெயிக்கவேண்டும் என்று சேசுவிடம் கேட்கலாமா, ஐயா?” என்றான்.

அற்பக் கேள்வி என்று தள்ள மனம் வரவில்லை. மழைக்காக வேண்டுகிறோம், அது அயலான் வயலிலும் பெய்யும். பரீட்சைக்காக வேண்டுகிறோம், எல்லோருமே தேறலாம். பந்தயம் அப்படியன்று. ஒருவன் ஜெயம் மற்றவன் தோல்வி. அவனும் அதே நேரத்தில் முழந்தாளிட்டிருப்பானே!

கொழும்பில் இந்தச் சங்கடம் இன்னும் வேடிக்கையானது. 1896-ல் தொடங்கிய அர்ச். சூசையப்பர் கல்லூரியும், அதன் கிளையாக 1922-ல் எழுந்த அர்ச். இராயப்பர் கல்லூரியும் 1933-ல் கிரிக்கெட்டில் மோதத் தொடங்கின. ‘புனிதர்களின் போர்’ என்று அதற்குப் பெயர். தாயும் பிள்ளையுமான இரண்டு கத்தோலிக்கக் கல்லூரிகள்! மோட்சத்தில் அந்த இரு அர்ச்சியசிஷ்டவர்களும் அன்று ஒருவர் முகத்தை ஒருவர் எப்படித்தான் பார்ப்பார்களோ!

எதிர்க்கட்சியின் தோல்வியை விரும்புவது பாவமா? நான் அப்படி நினைக்கவில்லை. அவ்விருப்பம் இல்லையேல் ஆட்டமே இல்லை. வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பவன் தர்மம் செய்யவில்லை, எதிராளியை ஏமாற்றுகிறான். ஆனால், முந்தின இரவு எதிர்க்கட்சியின் சிறந்த ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல் என்று செய்தி வருகிறது. நம் மனம் குளிர்கிறதா? குளிர்ந்தால், நாம் விரும்பியது ஆட்டத்தையன்று, கோப்பையை. அவன் நமக்கு ஆட்டத் துணைவனாக இராமல், வழியில் கிடக்கும் கல்லாகிவிட்டான். (நானும் இளமையில் அப்படி மனம் குளிர்ந்தவன்தான், ஒளிப்பானேன்?)

அந்தக் குளிர்ச்சி முற்றினால் என்னவாகும் என்பதைக் கல்கத்தா கண்டிருக்கிறது. அங்கே 1889-ல் பிறந்த மோகன் பகானும், 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்காலும் கால்பந்தில் தலைமுறை தலைமுறையான போட்டிக்காரர்கள். 1980 ஆகஸ்டு 16-ந் தேதி, ஈடன் கார்டன் மைதானத்தில், ஆட்டக்காரரிடையே எழுந்த சச்சரவு பார்வையாளர்களிடம் பரவியது. கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட அன்று பந்தைத் தொட்டவரல்லர். ஓடுகிறவனுடைய கோபம் வியர்வையோடு வடிந்துவிடும். உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அந்த வடிகாலும் இல்லை.

அதே நகரத்தில் 2024 ஆகஸ்டு 18-ந் தேதி இவ்விரு கழகங்களும் மோதவேண்டிய பந்தயம் ரத்தாயிற்று. ஆயினும் இரு கட்சி ஆதரவாளர்களும் மைதானத்துக்கு அருகே திரண்டார்கள். கொலையுண்ட ஓர் இளம் பெண் மருத்துவருக்கு நியாயம் கேட்டு, அவரவர் கழகச் சட்டையோடே, ஒருவரோடொருவர் கலந்து நின்றார்கள். 1980-ல் மாண்டவர்களின் பேரப்பிள்ளை வயதுடையவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

சிறுவனிடம், “தாராளமாகக் கேள். ஆனால் மதுராந்தகத்துக் கோல்கீப்பர் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வந்து சேரவேண்டும் என்றும் சேர்த்துக் கேள்” என்றேன்.

முகத்தைச் சுளித்தான். “அவன் ரொம்ப நல்லா பிடிப்பானே, ஐயா!” என்று சொல்லிவிட்டு, மறுபடி கோவிலுக்குள் போனான்.