இரும்பு குடித்த நீர்

சங்கப் பாட்டில் வரும் கானப்பேர்தான் இன்றைய காளையார்கோவில். அந்த ஊர்க் கோட்டையைப் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி வென்றதைப் புறநானூற்றின் 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார் பாடுகிறார். கோட்டையை இழந்த வேங்கைமார்பன் தன் இழப்பை அளந்து பார்க்கிறான். கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உறிஞ்சிக்கொண்ட நீரையாவது மீட்டுவிடலாம், இந்தக் கோட்டையை மீட்க முடியாது என்று வருந்துகிறான். ரயில் நிலைய வாசல்களிலும் பணிமனை முகப்புகளிலும் அருங்காட்சியகத் திறந்தவெளிகளிலும் மழையில் நனைந்து நிற்கும் நீராவி எஞ்சின்களைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது. குளிர்ந்த இரும்பும் நீர் குடிக்கிறது. மெதுவாகக் குடிக்கிறது, அவ்வளவுதான். துருவாகிப் போன தகட்டை மறுபடி தகடாக்கும் வழி கிடையாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கலாம். ஒவ்வொன்றாக அப்படி வைத்துக்கொண்டே போனால் கடைசியில் நம் முன் நிற்பது எது, எதைக் காப்பாற்றினோம் என்பது பெயின்ட் கடையில் தீர்கிற கேள்வி அல்ல. சைவமும் பௌத்தமும் பல நூற்றாண்டுகளாக வாதிட்ட கேள்வி அது.

முதலில் இரும்புக்கு என்ன நேர்கிறது என்று பார்த்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் கைவைக்க முடியாத சூட்டுக்குப் போகும் கறுப்புத் தகடு, விடியற்காலையில் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து பனிநீர் கோத்து நிற்கிறது. தகடு தினமும் விரிந்து சுருங்க, நாள்பட்டு இறுகிப்போன பெயின்ட் படலம் ஈடுகொடுக்க முடியாமல் நுண்ணிய விரிசல் விடுகிறது. புற ஊதாக் கதிர் நிறத்தைப் பிடித்துவைத்திருக்கும் பிசினைச் சிதைக்க, மேற்பரப்பு பொடியாக உதிர்கிறது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாமல் உள்ளே நடப்பதுதான் மோசம். பாய்லரின் சூடு வெளியேறாதிருக்கச் சுற்றிவைத்த காப்புப் பொதி மழைநீரை உறிஞ்சித் தேக்கிவைத்துக்கொள்கிறது. அதன்மேல் போர்த்திய மெல்லிய தகடு பளபளக்க, அடியில் பாய்லர் அரிபடுகிறது. புகைப்பெட்டியில் கடைசி நெருப்பு விட்டுச்சென்ற கரிச்சாம்பலில் கந்தகம் இருக்கிறது, ஈரம் பட்டால் அமிலமாகிறது. புகைபோக்கியின் வாயை மூடாமல் விட்டால் ஐப்பசி மழை நேரே அங்கேதான் இறங்குகிறது. ரிவெட் அடித்துச் சேர்த்த இரு தகடுகளுக்கு நடுவே உண்டாகும் துரு, அழிந்த இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் கேட்டுத் தகட்டையே நெம்பிப் பிரிக்கிறது. விழா நெருங்கும்போது கம்பி பிரஷ்ஷால் அவசரமாகத் தேய்த்து, துருவின் மேலேயே எனாமல் அடிப்பது அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். டெல்லி மெஹ்ராலி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாகத் திறந்தவெளியில் நிற்கவில்லையா என்று கேட்கலாம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் தானாகவே ஒரு காப்புப் படலம் உண்டாகியிருக்கிறது. எஞ்சினின் தகட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு வேண்டியது கூரை. பக்கச் சுவர்கூட வேண்டாம். கூரை மழையையும் உச்சி வெயிலையும் நிறுத்தும். இரவில் தகடு வானத்தை நோக்கிச் சூட்டை இழப்பதைக் குறைத்துப் பனிநீரையும் குறைக்கும்.

இவ்வளவு எளிய தீர்வு இருக்க, கூரையைவிடப் பெயின்ட் ஏன் நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது? செலவுக் கணக்கு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. பழையதைப் பேணுவது என்றால் தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்த முறை திருப்பணி. காளையார்கோவிலையே எடுத்துக்கொள்வோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சொர்ணகாளீசுவரர், சோமேசுவரர், சுந்தரேசுவரர் என்று மூன்று சன்னிதிகள். மருது சகோதரர்கள் எழுப்பிய பெரிய ராஜகோபுரம், அதற்கு மானாமதுரையிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் கொண்டுவந்தார்கள் என்ற செவிவழிக் கதை. இப்படிப்பட்ட கோயிலில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மரபு. சுதைச் சிற்பங்களைச் செப்பனிட்டு, கோபுரத்துக்குப் புது வண்ணம் பூசுவார்கள். அதற்கு முன் பாலாலயம் நடக்கும். மூலவரிடமிருக்கும் அருட்கலையைக் கும்பத்து நீருக்கு மாற்றி, அதிலிருந்து ஒரு மரப்பலகைப் படத்துக்கு ஏற்றி, பணி முடியும்வரை அங்கே வழிபடுவார்கள். இதிலுள்ள தத்துவம் மிகத் துணிச்சலானது. கல்லோ சுதையோ வண்ணமோ கடவுள் அல்ல. கடவுள் அவற்றில் எழுந்தருளியிருக்கிறார், வேண்டும்போது வேறிடம் பெயரவும் செய்வார். ஆகவே வண்ணத்தை மாற்றலாம், விமானத்தைக் கூடப் பிரித்துக் கட்டலாம், கோயில் அதே கோயிலாகவே தொடரும். அதன் உயிர் பூசையில் இருக்கிறது. இந்த நம்பிக்கையால்தான் நம் கோயில்கள் இடிபாடாகாமல் ஊராகவே இருக்கின்றன. இதில் குறை காண எனக்கு மனமில்லை.

எஞ்சினுக்கு இந்த நியாயம் செல்லாது என்பதே என் வாதம். நெருப்பு அணைந்து, தண்டவாளத்திலிருந்து பிரித்து மேடையில் ஏற்றிய எஞ்சினுக்குப் பூசை இல்லை, பயணம் இல்லை. இன்னொரு பலகைக்கு மாற்றிவைக்க அதில் தனியே எதுவும் குடியிருக்கவும் இல்லை. அது எதற்குச் சாட்சியோ அந்தச் சாட்சியம் முழுவதும் அதன் இரும்பிலும் அதன்மேல் படிந்த பூச்சுகளிலும்தான் இருக்கிறது: அச்சில் விழுந்த தேய்மானம், ஒட்டுப்போட்ட தகடு, எந்தப் பணிமனையில் எப்போது பெரிய பராமரிப்பு நடந்தது என்று எழுதிய வாசகம், ஒரு ரயில்வே கம்பெனியின் நிறத்துக்கு அடியில் கிடக்கும் முந்தைய கம்பெனியின் நிறம். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் பார்க்க அழகாக இருக்கும், சாட்சி ஊமையாகிவிடும். சைவ சித்தாந்தம் இறைவனின் தொழில்களை ஐந்தாகப் பிரித்து, படைத்தலையும் காத்தலையும் வெவ்வேறாக வைத்தது. அருங்காட்சியக எஞ்சின்களுக்கு நாம் ஆண்டுதோறும் செய்வது பெரும்பாலும் படைத்தல். காத்தல் என்று கணக்கெழுதி வைக்கிறோம். கோயிலுக்குள்ளும் இந்த இரண்டும் மோதுவதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். நாயக்கர் கால ஓவியர்கள் அடியிலிருந்ததை முழுக்கச் சுரண்டாமல் மேலே சாந்து பூசியது நம் அதிர்ஷ்டம். தூண்களை மணல் வீசிச் சுத்தம் செய்த கோயில்களின் கல்வெட்டுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஆக, ஒரே வளாகத்தில் வழிபடப்படுவதும் உண்டு, சாட்சி சொல்வதும் உண்டு. முன்னதற்குப் புதுப்பித்தல் தகும். பின்னதை உள்ளபடியே வைத்திருக்க வேண்டும்.

பௌத்தர் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். உள்ளபடி என்று ஒன்று எந்தக் கணத்தில் இருந்தது? மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்ட கேள்வி எஞ்சினுக்கும் பொருந்தும். சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லையென்றால் தேர் என்பது ஒரு வழக்கு மட்டுமே. கிரேக்கர்களும் தீசியஸ் கப்பலின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு இதே சிக்கலில் நின்றார்கள். ஓடும் எஞ்சினுக்கு இது முழு உண்மையும்கூட. வேலையிலிருந்த காலமெல்லாம் குழாய் மாற்றி, சக்கர வளையம் மாற்றி, சமயத்தில் பாய்லரையே மாற்றித்தான் எஞ்சின்கள் ஓடின. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸில் செய்து கல்கத்தாவுக்கு வந்த கிழக்கிந்திய ரயில்வேயின் ஈ.ஐ.ஆர். 21 ‘எக்ஸ்பிரஸ்’, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறாண்டு காட்சிப்பொருளாக நின்ற பிறகு, 2010இல் சென்னை பெரம்பூர் பணிமனையில் கெட்டதையும் காணாமல்போனதையும் புதிதாகச் செய்து சேர்த்ததால் மறுபடி ஓடியது. அதை அதே எஞ்சின் என்று சொல்லக் கூடாதா? சொல்லலாம். ஆனால் பௌத்தருக்குச் சைவர் தந்த மறுப்பை இங்கே நினைக்க வேண்டும். இல்லது தோன்றாது, உள்ளது அழியாது. மாறுவது நிலைதான் என்பது சற்காரியவாதம். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம் பௌத்தரோடு வாதிடும்போது இந்த நிலத்தில்தான் காலூன்றி நிற்கிறது. இரும்பும் பூமியில் துருவாகத்தான், ஆக்சிஜனோடு சேர்ந்த தாதுவாகத்தான் இருந்தது. உலை அதைப் பிரித்தெடுத்தது. மழை அதைப் பழைய நிலைக்கு அழைத்துப் போகிறது. பொருள் எங்கும் போய்விடவில்லை. அப்படியானால் கவலை எதற்கு என்று இங்கே நிறுத்திவிடக் கூடாது. பொருள் அழியாது என்பதாலேயே, நம் பொறுப்பு வடிவத்தின்மீது மட்டும் விழுகிறது. தாதுவிலிருந்து அந்த வடிவத்தை வாங்கியது மனித உழைப்பு. உலையருகே வெந்தவர்களின் வேலைக்கு வேறு உறைவிடம் இல்லை. நிலையாமையை ஒப்புக்கொண்டவர், நிலையாததன்மீது கூடுதல் கவனம் வைக்க வேண்டியவராகிறார்.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம். எஞ்சினைக் காக்கச் சிறந்த வழி அதை ஓட்டுவது. நிற்க வைத்து அழகு பார்ப்பது செத்த வழிபாடு என்பார்கள். நீலகிரி மலை ரயிலுக்கு இது நூற்றுக்கு நூறு சரி. அங்கே வழித்தடம் உயிரோடு இருக்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள் தளர்ந்தபோது அதே வகை எஞ்சினைத் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிதாகச் செய்து கொடுத்தது. திருப்பணி என்னும் சொல்லுக்கு அது முழுத் தகுதி உடையது. கைத்தொழிலும் அதனால் பிழைத்தது. பாம்பனும் அப்படியே. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், உப்புக்காற்று ஓயாமல் அரித்தும் 2022 வரை ரயிலைத் தாங்கியதற்குக் காரணம், ஓயாமல் துரு நீக்கிப் பூசிக்கொண்டே இருந்த கைகள். அங்கே பூச்சு என்பது அன்றாட வேலை, விழாக்கால அலங்காரம் அல்ல. ஆனால் நீலகிரிக்கு வெளியே, 1970இல் சித்தரஞ்சனில் செய்த கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சினோடும் 1972இல் செய்த கடைசி மீட்டர்கேஜ் எஞ்சினோடும் அந்தக் குலம் நின்றது. தண்டவாளமே அகலமாகிவிட்ட நாட்டில் மீட்டர்கேஜ் எஞ்சின் ஓட இடம் ஏது? அதை ஓட்டவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டு மழையில் விடுவது நேர்மையான பதிலாகாது.

காளையார்கோவிலில் நின்று பேசுவோருக்கு வேறொரு நெருடலும் இருக்கும். 1772இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு போரிட்டு வீழ்ந்த மண் இது. 1801இல் இதே ஊரைக் கைப்பற்றிய பிறகுதான் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்த ஆட்சி தன் படையையும் சரக்கையும் நகர்த்தப் போட்ட ரயிலின் எஞ்சினுக்கு நாம் ஏன் கூரை போட வேண்டும்? சாட்சி நமக்கு நண்பனாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது ஒரு பதில். அந்த எஞ்சினைப் பழுதுபார்த்து ஓட்டியவர்கள் யார் என்பது இதைவிடப் பெரிய பதில். கரி அள்ளிய ஃபயர்மேனும் பாய்லருக்குள் புகுந்து வேலை பார்த்த ஃபிட்டரும் நம்மவர்கள். 1928இல் தென்னிந்திய ரயில்வேயை வேலைநிறுத்தத்தால் நிறுத்தியவர்களும், 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஐவரும் இந்த இரும்போடு வாழ்ந்தவர்களே. அவர்களில் பலரின் பெயரை எழுதிவைத்த கல் எங்கும் இல்லை. அவர்கள் கைபட்ட ரிவெட் வரிசை இருக்கிறது.

பணம் எங்கே என்ற கேள்விக்கு நழுவாமல் பதில் சொல்ல வேண்டும். எல்லா எஞ்சினுக்கும் கூரை போட முடியாதுதான். அப்படியானால் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்கும் துணிவையும் நம் மரபே தருகிறது. பின்னமாகிவிட்ட கல் திருமேனியை ஆழ்ந்த நீரிலும் மரத் திருமேனியைத் தீயிலும் சேர்க்க ஆகம மரபு முறை வகுத்தது. பக்தி குறைந்து அதைச் செய்யவில்லை. பின்னமானதை வாசலில் போட்டு மிதிபட விடுவது அதைவிடப் பெரிய அவமதிப்பு என்று கருதியே செய்தார்கள். ஒரே வகையைச் சேர்ந்த எஞ்சின்கள் பல ஊர்களில் அரிபட்டு நிற்கின்றன என்றால், அவற்றில் பழைய பூச்சும் பாகங்களும் அதிகம் மிஞ்சியிருப்பதைத் தேர்ந்து, காப்புப் பொதியை அகற்றி, புகைப்பெட்டியின் சாம்பலைக் கழுவி உலர்த்தி, கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். அதில் பழைய பூச்சு நன்றாக ஒட்டியிருக்கும் இடங்களைத் தொடாமல் விட்டு, வெறும் இரும்பு தெரியும் இடத்துக்கு மட்டும் பிரைமரும் மேல்பூச்சும் கொடுத்து, எங்கே எதைச் செய்தோம் என்று ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். மற்றவற்றை அளந்து, படமெடுத்து, பயன்படும் உறுப்புகளைக் கழற்றி அந்த ஒன்றுக்கும் நீலகிரி எஞ்சின்களுக்கும் உதிரியாகக் கொடுத்துவிட்டு, மிச்ச இரும்பை உலைக்கே அனுப்பிவிடலாம்.