பாற்குடத்தின் பாரம்

பெட்டியிலிருந்துதான் தொடங்கினேன், என் பெருமானே! பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைத் திறந்தால் திரையின் நட்டநடுவில் நாதியற்று நிற்குமே ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதைத்தான் முதல் வகுப்பில் என் கையில் கொடுத்தார்கள். "இதற்கு ஆறு முகம்" என்று ஆரம்பித்தார் ஆசிரியை. ஆறு முகம்! மற்றவர்கள் அதை நீட்டினார்கள், நசுக்கினார்கள், கோபுரமாக்கினார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்து நாற்காலிச் சீனப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். என்னவென்று சொல்வேன்! சண்முகநாதன் சதுரமாய் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்றா?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி அந்த வகுப்பறை. ஜன்னலைத் திறந்தால் லிட்டில் இந்தியாவின் மல்லிகை வாசமும் கேசட் கடை நாளிலிருந்து ஓயாத பாட்டுச் சத்தமும் கைகோத்துக்கொண்டு உள்ளே வரும். அங்கே எல்லாரும் ரோபோ செய்தார்கள், பறக்கும் நாகம் செய்தார்கள். நான் என் பாட்டியைச் செய்தேன். தைப்பூசத்தன்று மஞ்சள் சேலையில், தலையில் பாற்குடத்தோடு, வருஷா வருஷம் தண்ணீர்மலை ஏறிய என் பாட்டியை.

நம் முகம் இந்த மலேசிய நாட்டு அனிமேஷனில் இல்லாமலில்லை. 2007இல் வந்த 'உப்பின் இப்பின்' தொடரில் ராஜு இருக்கிறான், முத்து அங்கிள் இருக்கிறார். 2011இல் வந்த 'போபோய்போய்' தொடரில் கோபால் இருக்கிறான். கோபாலைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவள்தான் நான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர்கள் பக்கத்தில் நிற்பவர்கள். என் பாட்டி நடுவில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பாதி உடம்பைச் செய்தால் போதும், மறுபாதி தானே முளைக்கும். மிரர் என்று அதற்குப் பெயர். இந்தப் பக்கம் ஒரு கண்ணை நான் குழித்தால் அந்தப் பக்கம் இன்னொரு கண் குழிகிறது. இங்கே ஒரு தோள் சரிந்தால் அங்கே ஒரு தோள் சரிகிறது. ஆஹா! அர்த்தநாரீசுவரன் வீட்டுப் பிள்ளையே, உன் அப்பனும் அம்மையும் விளையாடிய விளையாட்டை இந்த விசைப்பலகையிலும் ஒளித்து வைத்தாயோ! மூக்குத்திக்காக மட்டும் அந்த மிரரை அணைத்தேன். பாட்டிக்கு இடப்பக்கம் மட்டும்தான் மூக்குத்தி.

சுருக்கம் விழுந்த கழுத்தும், வெற்றிலைக் காவி படிந்த உதடும், காப்பு இறுகிய மணிக்கட்டுமாய், அச்சு அசல் அவளே வந்து நின்றாள். அசைப்பதற்கு உள்ளே எலும்பு பூட்டினேன். நடக்க விட்டேன். மிதந்தாள்! கால் படியில் படுகிறது, ஆனால் படவில்லை. குடம் தலையில் இருக்கிறது, ஆனால் பாரமில்லை. பலூன் போலத் துள்ளித் துள்ளிப் போனாள் என் பாட்டி. ஆசிரியை பார்த்துவிட்டு, "நோ வெயிட் லா!" என்றார். மறுவாரமும் அதையே சொன்னார். மூன்றாம் வாரம் அதைக்கூடச் சொல்லவில்லை, உதட்டைப் பிதுக்கினார்.

அந்தத் தவிப்பிலேயே தைப்பூசம் வந்தது. முதல் நாள் விடியலில் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து உன் வெள்ளி ரதம் புறப்பட்டது. 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த ரதம்! காளைகள் இழுக்க, வழியெல்லாம் மலை மலையாய்க் குவிந்த தேங்காய்களைத் தமிழரும் சீனரும் உடைக்க, தெருவே இளநீரில் குளித்துக் கிடக்க, அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, ஒரு கணம், ஒரே ஒரு கணம், திரைச்சீலை விலகி நீ என்னைப் பார்த்தாயே! அந்தப் பார்வையை எந்தக் கீஃப்ரேமில் பிடிப்பது? எந்த விளக்கை எங்கே வைத்தால் அந்த ஒளி வரும்? வராது. வரவே வராது.

பாட்டிக்கு முழங்கால் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் நேர்ந்துகொண்ட குடத்தை மறுநாள் நான் சுமந்தேன். மூன்று லிட்டர் பால். தண்ணீர்மலை அடிவாரத்தில் குடத்தின் வாயில் மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டி என் தலையில் ஏற்றிவிட்டு, காதோரம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "தலைய ஆட்டாதம்மா. இடுப்பு பாத்துக்கும்."

513 படி. நூறு வரைக்கும் நான்தான் ஏறினேன். கழுத்து கடுத்தது, தொடை நடுங்கியது, நனைந்த துணியிலிருந்து கசிந்த பால் பிடரி வழியே இறங்கியது. பிறகுதான் கண்டேன். முன்னால் ஏறிய அம்மாமார்களின் குடங்கள் ஒரு வரிசையாய், ஒரே நேர்கோட்டில், தெப்பம் போல மேலே போகின்றன. குடம் அசையவில்லை! தலை அசையவில்லை! அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வளைகிறது. குதிகால் பதிந்ததும் முழங்கால் மடங்குகிறது. ஒரு விநாடிக்கும் குறைவாக இடுப்பு கீழே இறங்கி, ஊன்றிய காலின் பக்கம் சாய்ந்து, பாரத்தை முழுக்க வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் எழுகிறது. நானோ பாட்டியின் தலையை ஆட்டினேன், இடுப்பை விறைப்பாக விட்டேன்! உடம்பு இணங்காமல் பாரம் எப்படித் தெரியும்?

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. எந்தச் சதை எந்த எலும்புக்கு எவ்வளவு இணங்க வேண்டும் என்று நிறத்தால் பூசிச் சொல்வோம். நீலம் என்றால் இணக்கமே இல்லை. அங்கிருந்து பச்சை, மஞ்சள் என்று ஏறி, முழுச் சிவப்பானால், எலும்பு இழுத்த பக்கமெல்லாம் சதை போகும், தனக்கென்று ஒரு திசை வைத்துக்கொள்ளாது. செவ்வேளே! அந்தப் படிகளில் நான் சிவந்தேன்! நீலமாய் இறுகிக் கிடந்த நெஞ்சு பசந்து, பழுத்து, கனிந்து, செக்கச் செவேலென்று உன் நிறமாகியது. அரோகரா ஓசை முன்னும் பின்னும் அலையடிக்க, உச்சி வெயிலும் கற்பூரப் புகையும் ஒன்றாய்க் கலக்க, ஏறுவது யார், ஏற்றுவது யார், பால் எது, கண்ணீர் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாத பரவசப் பெருவெள்ளத்தில், உன் இழுப்புக்கு இணங்கிய வெறும் சதையாய்ப் போனேன். சுமை இருந்தது. சுமந்தவள் இல்லை. முருகா! முருகா!

சந்நிதியில் குடத்தை இறக்கினேன். உன் மேனியில் பால் வழிந்தது. தலை லேசாயிற்று. லேசானது எனக்குப் பிடிக்கவில்லை, பிரபு! திருப்பிக் கொடு என்று கேட்கத் தோன்றியது.

அன்றிரவு கால் கொப்புளத்தோடு கணினி முன் உட்கார்ந்தேன். பாட்டியின் தலையில் இருந்த ஆட்டத்தை ஒவ்வொன்றாக அழித்தேன். இடுப்பை இறக்கினேன், தாமதித்தேன், எழுப்பினேன். இரண்டு படி, 48 ஃபிரேம். விநாடிக்கு 24 வீதம், மொத்தமே இரண்டு விநாடி. ஆசிரியை அதை ஏழெட்டுத் தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "ஹெவி" என்றார்.

வீட்டில் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "குடத்து வாயில துணி கட்டலையே, பால் சிந்திடாதா?" என்றாள்.

இப்போது அந்த மஞ்சள் துணியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.