நோயாளி எந்த ஊர்க்காரர்?

பிரிட்டனில் பிறந்து, நாற்பது ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்து, வரி கட்டி, ஓய்வுபெற்ற பின் தாய்லாந்தில் குடியமர்ந்துவிட்ட ஒருவர் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சைக்காக லண்டன் வந்தால் அரசு மருத்துவமனை அவரிடம் பணம் கேட்கும். சிகிச்சைக்கு அரசு வகுத்திருக்கும் விலையைப் போல ஒன்றரை மடங்கு கேட்கும். கொழும்பில் பிறந்து வளர்ந்து, தந்தை வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று, இனி வாழ்வது இங்கேதான் என்ற முடிவோடு போன வாரம் லண்டனில் வந்திறங்கிய ஒருவரிடம் அதே மருத்துவமனை எதுவும் கேட்காது. இருவர் கையிலும் ஒரே நாட்டு பாஸ்போர்ட். முதலாமவர் ஆயுளில் பாதிக்கு மேல் அந்த நாட்டுக்கு வரி கட்டியவர். இரண்டாமவர் ஒரு பென்னிகூடக் கட்டாதவர். கேட்டவுடன் அநியாயமாகத் தோன்றும் இந்த விதிக்குப் பின்னால் ஒரு தத்துவக் கேள்வி இருக்கிறது. நோயுற்ற ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் கடமை ஒரு சமூகத்துக்கு எதனால் உண்டாகிறது? அவர் அந்த மண்ணில் பிறந்ததாலா, பணம் கொடுத்திருப்பதாலா, அங்கே வாழ்வதாலா, நோயாளி என்பது ஒன்றினால் மட்டுமா?

பணம் கொடுத்தவருக்கே உரிமை என்பது எளிதில் மனத்துக்குப் படும் பதில். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டம் அந்த வழியில் அமைந்தது. தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்டினார்கள். சந்தாவிலிருந்து உரிமை பிறந்தது. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய என்.எச்.எஸ். எனும் தேசிய சுகாதார சேவை வேண்டுமென்றே வேறு வழியில் சென்றது. அதன் செலவில் பெரும்பங்கு பொது வரியிலிருந்து வருகிறது. யாருடைய பெயரிலும் கணக்கு கிடையாது, சேமிப்பும் கிடையாது. இன்று கட்டும் வரி இன்றைய நோயாளிக்குச் செலவாகி முடிந்துவிடுகிறது. வெளிநாட்டில் குடியேறிய ஓய்வூதியர்கள் பலர் ‘இத்தனை வருஷம் கட்டினேனே’ என்று மனம் கசந்து கேட்கிறார்கள். அந்தக் கசப்பு புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அவர்கள் கட்டிய காலத்தில் அவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சிகிச்சை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கட்டியதே உரிமைக்கு அடிப்படை என்று வைத்தால், பிறவியிலேயே ஊனமுற்று ஒரு நாளும் சம்பாதிக்க முடியாதவருக்கும், பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கும் எந்த உரிமையும் இராது. அந்த விலையைக் கொடுத்துத்தான் தாய்லாந்துவாசியின் மனக்குறையைத் தீர்க்க முடியும். அது கொடுக்கத் தகாத விலை.

குடியுரிமையும் உறுதியான அடிப்படை அல்ல. அடுத்த வீட்டில் பத்து ஆண்டுகளாக வாழும் அயல்நாட்டவரைத் தள்ளிவிட்டு, கடல் கடந்து வாழும் குடிமகனை மட்டும் உள்ளே எடுக்கும் விதி, பக்கத்தில் இருப்பவர் படும் பாட்டைப் பாராமல் இருக்கக் கற்றுத்தருகிறது. காசநோய் பாஸ்போர்ட் பார்த்துப் பரவுவதும் இல்லை. ஆகவே எஞ்சுவது வாழ்தல்: ஓர் இடத்தின் அன்றாடத்தில் கலந்திருப்பது.

வசிப்பிடத்தை அளவுகோலாக வைப்பது புதிய யோசனையும் அல்ல, எப்போதும் கருணையான யோசனையும் அல்ல. இங்கிலாந்தில் 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் ஏழைகளைப் பேண வேண்டும் என்றது. ‘தன் ஏழைகள்’ யார் என்ற சண்டை உடனே தொடங்கியது. 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம் அதற்கு விடை சொன்னது. ஆண்டுக்குப் பத்து பவுண்டுக்குக் குறைந்த வாடகை வீட்டில் வந்து தங்கும் புதியவரை, பிற்காலத்தில் வட்டாரத்துக்குச் சுமையாகக்கூடும் என்று தோன்றினாலே, வந்த நாற்பது நாளுக்குள் பழைய ஊருக்கே திருப்பியனுப்பலாம். பிறக்கும் குழந்தைக்கு அந்த வட்டாரத்தில் உரிமை வந்துவிடும் என்பதற்காக நிறைமாதக் கர்ப்பிணிகளை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்ட கொடுமைகள் நடந்தன. ஆடம் ஸ்மித் 1776இல் தம் பெருநூலில் இந்தச் சட்டத்தை இயற்கைச் சுதந்திரத்தை மீறுவது என்று கடிந்து எழுதினார். வசிப்பிடம் என்ற அளவுகோல் கதவைத் திறக்கவும் பயன்படும், சாத்தவும் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இதே கேள்வியை யூத மரபு வெகு காலம் முன்பே, இதைவிட நுட்பமாக, ஆராய்ந்திருக்கிறது. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் பாபா பத்ரா பகுதி, ஒருவர் ஓர் ஊரில் எவ்வளவு காலம் இருந்தால் ஊராரில் ஒருவராவார் என்று கேட்டு, பன்னிரண்டு மாதம் என்கிறது. உடனே ஒரு விலக்கும் சேர்க்கிறது: குடியிருக்க வீடு வாங்கிவிட்டால் அன்றே அவர் ஊர்க்காரர். மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தால்முத் இதை இன்னும் படிப்படியாகப் பிரிக்கிறது. முப்பது நாள் தங்கியவர் ஊரின் பொது உணவுக்குத் தம் பங்கைத் தர வேண்டும். மூன்று மாதமானால் தருமப் பெட்டிக்கு. ஆறு மாதமானால் ஏழைகளின் உடைக்கு. ஒன்பது மாதமானால் அடக்கச் செலவுக்கு. இங்கே காலம் முதலில் கடமையைத்தான் அளக்கிறது. அதே மரபு, ஊர் ஊராகச் செல்லும் ஏழை ஒருவர் வந்து நின்றால் அவருக்கு இவ்வளவு ரொட்டிக்குக் குறையாமல் தர வேண்டும், இரவு தங்கினால் படுக்க இடம் தர வேண்டும், ஓய்வு நாள் வந்தால் மூன்று வேளை உணவு தர வேண்டும் என்று வேறோர் இடத்தில் வகுக்கிறது. வழிப்போக்கரிடம் எத்தனை மாதம் இங்கே இருந்தீர் என்ற கேள்வி எழவில்லை. தருவதற்கு வசித்த காலம் வேண்டும், பசிக்குப் பெறுவதற்கு வேண்டாம் என்ற இந்தப் பிரிப்பு இன்றைய சட்டங்கள் பலவற்றைவிடத் தெளிவானது.

வீடு வாங்கியவர் அன்றே ஊர்க்காரர் என்பதில் இருக்கும் கருத்து, தங்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு மதிப்புண்டு என்பது. பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1982 டிசம்பரில் ஷா வழக்கில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. கல்வி உதவித்தொகை கேட்ட வெளிநாட்டு மாணவர்களின் வழக்கு அது. ‘வழக்கமாக வசிப்பவர்’ யார் என்பதற்கு ஸ்கார்மன் பிரபு தந்த விளக்கம் பின்னர் மருத்துவத்துக்கும் அளவுகோலாயிற்று. சட்டத்துக்கு உட்பட்டு, தாமாக விரும்பி, ஒரு நிலையான நோக்கத்தோடு, அப்போதைய தம் வாழ்க்கையின் ஒழுங்கான பகுதியாக ஒருவர் ஓரிடத்தில் இருக்க வேண்டும். அது குறுகிய காலமாக இருந்தாலும் சரி, நீண்ட காலமாக இருந்தாலும் சரி. சாகும்வரை அங்கேயே இருப்பேன் என்று உறுதி தர வேண்டியதில்லை. படிப்பும் நிலையான நோக்கம்தான், வேலையும் நிலையான நோக்கம்தான். வெளிநாட்டில் இருபது ஆண்டுகள் கழித்துவிட்டு இனி இங்கேயே வாழ்வது என்று திரும்பிவரும் குடிமக்களுக்கு முதல் நாளே உரிமை மீள்வதும் இந்த விளக்கத்தால்தான். மருத்துவமனை அதற்கு ஆதாரம் கேட்கலாம்: வீட்டு ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வெளிநாட்டில் வீட்டைக் காலிசெய்ததற்கான தாள். காத்திருப்புக் காலம் கிடையாது.

எல்லா நாடும் இப்படி வாழ்க்கையின் தன்மையைப் பார்ப்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் நாட்களை எண்ணுகிறது: பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது மாநிலத்துக்குள் இருந்திருக்க வேண்டும். பிரான்ஸ் பொதுவாக மூன்று மாத வசிப்பைக் கேட்கிறது. எண்ணிக்கை அதிகாரிக்கு வசதி, விண்ணப்பதாரருக்கும் ஒருவகையில் பாதுகாப்பு. யாரும் யாருடைய மனத்தையும் துருவ வேண்டியதில்லை. ஆனால் தாயின் நோய்க்காக ஊருக்குப் போய் எட்டு மாதம் இருந்துவிட்டு வருபவரின் வாழ்க்கை எங்கே வேரூன்றியிருக்கிறது என்று நாட்காட்டி சொல்லாது.

பிரிட்டனில் ஸ்கார்மனின் அளவுகோல் முழுமையாக நீடிக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்களுக்குக் காலவரையற்ற தங்கும் அனுமதி இருந்தால்தான் அவர்களை வழக்கமாக வசிப்பவர்களாகக் கருதலாம் என்றது. ஐந்து ஆண்டு வேலை விசாவில் வந்து, வீடெடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருப்பவர் எந்தச் சாதாரணப் பொருளில் பார்த்தாலும் அங்கே வசிப்பவரே. சட்டத்தின் பொருளில் இல்லை. அவரைப் போன்றவர்கள் விசாவோடு சேர்த்துச் சுகாதாரக் கூடுதல் கட்டணம் செலுத்துகிறார்கள். 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய அது, 2024 பிப்ரவரியில் பெரியவர் ஒருவருக்கு 1,035 பவுண்டாயிற்று. விசாவின் எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். சம்பளத்திலிருந்து வரியும் தனியே போகிறது. பணம் கொடுத்ததற்காக ஒருவருக்கும் உரிமை இல்லை என்று வெளியேறியவரிடம் சொல்லும் அரசு, வந்து சேர்ந்தவரிடம் மட்டும் பணம் கொடுத்தால்தான் உரிமை என்கிறது. இரண்டு கொள்கைகளில் எது செலவு மிச்சமாக்குகிறதோ அதை ஆளுக்கேற்ப எடுத்துக்கொள்வது நியாயமாகாது. மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களுக்கு 2020இல் இந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. அந்த விலக்கே கட்டணத்தின் நியாயத்தைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது.

வாழ்க்கையின் இடத்தில் காகிதத்தை வைத்தால் என்னவாகும் என்பதை 2018இல் வெளிப்பட்ட விண்ட்ரஷ் விவகாரம் காட்டியது. எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கியது 1948 ஜூன் 22. தேசிய சுகாதார சேவை தொடங்கியது பதின்மூன்று நாள் கழித்து. அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அந்தச் சேவையின் மருத்துவமனைகளில் செவிலியராக, உதவியாளராக உழைத்தார்கள். 1973க்கு முன் காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியமர்ந்தவர்களுக்குத் தங்கும் உரிமை சட்டப்படியே இருந்தது. அதைக் காட்டும் காகிதம் பலரிடம் இல்லை. அவர்கள் வந்திறங்கியபோது பதிவான அட்டைகளை உள்துறை அமைச்சகமே 2010இல் அழித்திருந்தது. பதின்ம வயதில் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் லண்டனில் வாழ்ந்த ஒருவரிடம் புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைக்கு 54,000 பவுண்ட் கேட்கப்பட்டது. அவர் வாழ்க்கை எங்கே இருந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆதாரம் என்பது வாழ்க்கைக்குச் சாட்சியாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. ஆதாரமே உரிமையாகிவிட்டால், கண்ணெதிரே தெரியும் வாழ்க்கை கணக்கில் வராமல் போகிறது.

தேசிய சுகாதார சேவையை நிறுவிய அமைச்சர் அனூரின் பெவன் இதை முன்பே கண்டுகொண்டார். வெளிநாட்டுப் பயணிகள் இலவசமாகச் சிகிச்சை பெறுகிறார்களே என்ற புகாருக்கு 1952இல் வெளியான தம் நூலில் அவர் பதில் எழுதினார். பயணியை அடையாளம் காண வேண்டுமானால் பயணி அல்லாதவரும் தம்மை நிரூபித்துக்கொள்ள வேண்டிவரும், எல்லாரும் அடையாளச் சான்றோடு அலைய வேண்டிவரும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்நியரைப் பிரித்தறியும் ஏற்பாடு முதலில் உள்ளூர்க்காரரைத்தான் சோதிக்கும். பெவன் சொன்னது தாராள மனத்தால் மட்டும் வந்த வாதமல்ல. நடைமுறை அறிந்தவரின் எச்சரிக்கை.

எந்த அளவுகோலாலும் உள்ளே வராதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ பேரக்குழந்தையைப் பார்க்க ஆறு மாத விசாவில் லண்டன் வந்த தாய்க்கு மாரடைப்பு வரலாம். அவர் அங்கே வசிப்பவர் அல்லர். இத்தகையவருக்கு என்ன கடமை என்பதற்கு இம்மானுவேல் கான்ட் 1795இல் என்றென்றைக்குமான அமைதி பற்றி எழுதிய கட்டுரையில் விடை இருக்கிறது. அந்நியருக்கு விருந்தாளியாகத் தங்கும் உரிமை இல்லை, வந்து போகும் உரிமை உண்டு. ஆனால் திருப்பியனுப்புவது அவரது அழிவுக்கு வழிவகுக்குமானால் திருப்பியனுப்பக் கூடாது. இங்கிலாந்தின் விதிகள் இந்தக் கோட்டை ஒட்டித்தான் போகின்றன. அவசரப் பிரிவில் யாருக்கும் கட்டணமில்லை. வார்டில் சேர்த்தபின் கட்டணம் உண்டு, என்றாலும் உடனடி சிகிச்சையைப் பணம் கட்டாததற்காக மறுக்கக் கூடாது. காசநோய் போன்ற தொற்றுகளுக்குச் சிகிச்சை இலவசம், எச்.ஐ.வி. 2012இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் உயிரைக் காப்பாற்றிய பின் வீட்டுக்கு வரும் பில், பிள்ளைகளின் பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்துவிடக்கூடும். அந்தப் பயத்தில் நெஞ்சுவலியை அஜீரணம் என்று சொல்லி மறைக்கும் பெற்றோரின் நிலையைக் கான்டின் கோடு எட்டவில்லை.

வெளியேறிச் சென்றவர்களின் சிக்கலுக்கும் கதவைச் சாத்தாத ஒரு வழி உண்டு. ஐரோப்பிய நாடுகளில் குடியேறிய பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியருக்கு எஸ்1 என்ற படிவம் இருக்கிறது. ஸ்பெயினில் வாழ்பவர் அங்குள்ள மருத்துவமனையில் அவ்வூராரைப் போலவே சிகிச்சை பெறுவார். செலவை பிரிட்டன் ஏற்கும். பிரெக்சிட்டுக்குப் பிறகும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. பார்த்துக்கொள்வது வாழும் ஊர், பணம் கொடுப்பது உழைத்த நாடு என்று கடமை இரண்டாகப் பகிரப்படுகிறது. நோயாளி விமானம் ஏற வேண்டியதில்லை. தாய்லாந்துடன் இப்படி ஓர் ஒப்பந்தம் இல்லாததே அங்கே குடியேறியவரின் உண்மையான குறை.

ஓய்வூதியரைவிடக் கடினமான நிலையில் இருப்பவர்கள், விசா முடிந்தும் திரும்ப வழியற்றுத் தங்கிவிட்ட தொழிலாளர்கள். ஸ்பெயின் 2012இல் அரசாணை ஒன்றினால் இத்தகையோரைப் பொது மருத்துவத்திலிருந்து பெரும்பாலும் விலக்கியது. 2018இல் மீண்டும் சேர்த்தது. பிரான்ஸ் அவர்களுக்காகத் தனித் திட்டமே வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 1990இல் ஏற்றுக்கொண்ட புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, தங்கியிருப்பதில் உள்ள முறைகேட்டைக் காரணம் காட்டி அவசர மருத்துவத்தை மறுக்கக் கூடாது என்கிறது. அது 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்று உறுதிசெய்த நாடுகளில் இலங்கை போன்று ஆட்களை அனுப்பும் நாடுகளே மிகுதி. மேற்கு ஐரோப்பிய நாடுகளிலும் வளைகுடா நாடுகளிலும் ஒன்றுகூட இன்னும் உறுதிசெய்யவில்லை.