ருசிக்காக மட்டும்தான்

"போதைக்காக இல்ல, ருசிக்காக மட்டும்தான் குடிக்கிறோம்."

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு கிராஃப்ட் பியர் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த வாக்கியம் எப்படியும் காதில் விழுந்துவிடும். எங்கள் கூட்டத்தின் தாரக மந்திரம் இது. அம்மாவிடம் சொல்லும்போது சமாதானம், அலுவலக நண்பர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் பெருமை. 18 வெள்ளி கொடுத்து வாங்கிய கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்து, மோந்து பார்த்து, "லைச்சி வாசம் வருதுல்ல?" என்று கேட்கிறவனை யாரும் குடிகாரன் என்று சொல்லமாட்டார்கள். அவன் ரசிகன்.

சாதாரணமாகத் தெரிந்தாலும் இது ஓர் அறம் சார்ந்த கோரிக்கை. குடிப்பது ஒரே ஆல்கஹால்தான். ஆனால் ருசிக்காகக் குடிப்பவன் ஒரு வகை மனிதன், போதைக்காகக் குடிப்பவன் வேறு வகை. முதலாமவனுக்கு மரியாதை உண்டு, இரண்டாமவனுக்குக் கிடையாது என்கிறோம். இந்தப் பிரிவினை நியாயமானதா? அல்லது கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபிறகு குடிக்கு நாம் வைத்துக்கொண்ட செல்லப்பெயர்தானா ரசனை?

முதலில் ரசனையின் பக்கம் நின்று பேசிவிடுகிறேன். ருசி அறிவது வெறும் பாவனை என்று நான் நினைக்கவில்லை. ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதி 1757இல் வெளிவந்த கட்டுரையில், 'டான் குயிக்ஸாட்' நாவலின் சாஞ்சோ பான்சா சொல்லும் கதையொன்றை எடுத்துக்கொள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவரை ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துச் சொல்லக் கேட்கிறார்கள். நல்ல ஒயின்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார் ஒருவர். இரும்பு ருசி தெரிகிறது என்கிறார் மற்றவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் ஒரு பழைய சாவி கிடக்கிறது, தோல் வாரில் கட்டப்பட்டு.

பியர் உலகத்திலும் அப்படி ஒரு சாவி உண்டு. அதன் பெயர் டைஅசிட்டைல். நொதிக்கும்போது உண்டாகும் ஒரு துணைப்பொருள் அது. பியரை முழுதாக முதிர விடாமல் அவசரப்பட்டு எடுத்தாலோ, கடையில் பியர் வரும் குழாய்களை ஒழுங்காகக் கழுவாமல் விட்டாலோ கிளாஸில் வெண்ணெய் வாசமாகத் தெரியும். பழகிய நாக்கு "பட்டர் அடிக்குது" என்று சொல்வதை ஆய்வகக் கருவி எண்ணாகக் காட்டிவிடும். நாள் முழுக்க சென்சார்களோடு வேலை பார்க்கும் எனக்கு இது பிடித்த விஷயம். நாக்கையும் பழக்கி, சரிபார்த்து, நம்பத் தகுந்த கருவியாக ஆக்கலாம். ஒரு கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருகிறதா, கருக வறுத்த மால்ட்டிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய நேரமும் பொறுமையும் வேண்டும். ராகம் கண்டுபிடிப்பவரைப் பாராட்டுகிறோம் என்றால் இதையும் ஓர் உழைப்பாக ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆக, ருசி உண்மை. சந்தேகம் எல்லாம் 'மட்டும்தான்' என்ற சொல்லின் மேல்தான்.

அரிஸ்டாட்டில் 'நிக்கோமாக்கிய அறவியல்' மூன்றாம் புத்தகத்தில் தன்னடக்கத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தைத் தொடுகிறார். ஒயினைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் சுவைகளைப் பிரித்தறிகிறார்கள். ஆனால் அடக்கமில்லாதவனுக்குப் பிரித்தறிவதில் அக்கறையே இல்லை, அவன் தேடுவது தொடுஉணர்வின் சுகம் என்கிறார். சாப்பாட்டுப் பிரியன் ஒருவன் தன் தொண்டை கொக்கின் கழுத்தைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டானாம். உள்ளே இறங்கும் சுகம் நீண்டுகொண்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

நாம் எந்தப் பக்கம்? ஒயின் சுவைப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். பியர்க்காரர்கள் துப்புவதில்லை. "கசப்பு தொண்டையில இறங்கினாதான் தெரியும்" என்போம். சரி, இன்னொரு கேள்வி. உங்களுக்கு மிகவும் பிடித்த பியரிலிருந்து ஆல்கஹாலை மட்டும் எடுத்துவிட்டு, ருசி, மணம், நுரை எதையும் துளியும் மாற்றாமல் கொடுத்தால், வெள்ளிக்கிழமை இரவு அதற்காக ரயில் ஏறிப் போவீர்களா? இந்தக் கேள்வியைக் கேட்டால் மேசையில் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். தோளில் உட்கார்ந்திருந்த வாரம் மெல்ல இறங்குவதும், வாய்ச்சொல் இளகுவதும் அந்த மகிழ்ச்சியின் ஒரு பகுதி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ருசி என்று பெயர் கிடையாது.

உடம்பிடம் இந்த வாதம் எதுவும் எடுபடுவதில்லை. கணக்கு எளிமையானது. 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 330 மில்லி பியரில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கலோரி என்றால் 90 கலோரி. மால்ட்டில் மிஞ்சிய மாவுச்சத்தையும் சேர்த்தால் 140, 150 வரும். கிராஃப்ட் கடையில் பிரபலமான 8 விழுக்காடு டபுள் ஐபிஏ 473 மில்லி டின்னில் வருகிறது. அதில் ஆல்கஹால் மட்டுமே 30 கிராம், 210 கலோரி. மாவுச்சத்தோடு சேர்த்து அப்படி இரண்டு டின் என்பது கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு. அதோடு, உடம்பு ஆல்கஹாலைத்தான் முதலில் எரிக்கும். கொழுப்பு வரிசையில் காத்து நிற்கும்.

எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஓடி முடித்ததும் கைக்கடிகாரத்தைக் காட்டி, "நாலு பைண்ட் சம்பாதிச்சாச்சு" என்பான் ஒரு நண்பன். பாவமும் பிராயச்சித்தமும் கலோரிக் கணக்காக மாறிவிட்டன. ஆனால் ஓட்டம் இடுப்பளவை மட்டும்தான் சரிசெய்யும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது 1988இல். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. கிராஃப்ட் பியருக்கு இதில் தனி விலக்கு இல்லை.

எடையைப் பார்ப்பதில் எனக்கு வேறொரு பயன் தெரிகிறது. இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு நாக்கு மழுங்கத் தொடங்கும். மூன்றாவதில் லைச்சியும் தெரியாது, வெண்ணெயும் தெரியாது. அதாவது, ருசிக்காக மட்டும் குடிப்பவன் எந்த இடத்தில் நிறுத்துவானோ, ஏறக்குறைய அதே இடத்தில்தான் எடையைப் பார்ப்பவனும் நிறுத்துவான். நான்காவது கிளாஸ் யாருடையது என்று கேட்டால், அது ரசிகனுடையது இல்லை. அது தவறா சரியா என்பது வேறு விஷயம். ஆனால் அந்த நான்காவது கிளாஸை ரசனையின் கணக்கில் எழுதக்கூடாது.

இனி, இந்தக் கேள்வியில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி. பியர் ரசிகர்களுக்குப் பயணம் ஒரு சடங்கு. மலைக்குப் போகிறவர்கள் போல மதுவடிப்பாலைகளுக்குப் போவார்கள். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900இல் தொடங்கிய காண்டியோன் அப்படியொரு தலம். நானும் போனேன். அங்கே ஈஸ்ட்டை யாரும் அளந்து சேர்ப்பதில்லை. குளிர் மாதங்களில் மட்டும் காய்ச்சுகிறார்கள். காய்ச்சிய மால்ட் நீரைக் கூரைக்கடியில் ஓர் அகலமான செம்புத் தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். காற்றில் வரும் நுண்ணுயிர்களும், பிறகு மரப்பீப்பாயில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் மீதி வேலையைச் செய்கின்றன. ஒன்று, இரண்டு, மூன்று வருடப் பீப்பாய்களைக் கலந்து கூஸ் என்ற பியரை எடுக்கிறார்கள். புளிப்பு, பழைய மரம், ஈரத் தொழுவம் எல்லாம் சேர்ந்த ருசி. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் கோயிலுக்குள் பேசுவதுபோல் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காற்றிலிருந்து வரும் ஈஸ்ட், புளிப்பு, ஒவ்வொரு நாளும் மாறும் ருசி. இது நமக்குத் தெரியாத சமாச்சாரமா? தென்னங்கள்ளும் அப்படித்தான் நொதிக்கிறது. பானையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் இறக்கிய சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்த என் பாட்டி, "காலக் கள்ளு இனிக்கும், சாயங்காலக் கள்ளு சண்டைக்கு இழுக்கும்" என்பார். சர்க்கரை குறைந்து ஆல்கஹாலும் புளிப்பும் ஏறுவதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் எந்த மரத்துக் கள் எப்படி இருக்கும் என்று வாதம் செய்த ஆட்களை அவருக்குத் தெரியும். லயத்திலும் ரசிகர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க ஆளில்லை.

இந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டுக் கள்ளுக்கடைக்கு மாலை போட்டுவிடுவது சுலபம். அது பொய்யாகிவிடும். கள்ளுக்கடைகளை எதிர்த்தவர்கள் வெள்ளைக்காரப் பாதிரிகள் மட்டுமா? நம் ஆட்களே எதிர்த்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது. உழைப்பைச் சுரண்டியவர்களே உழைத்த கூலி திரும்பி வருவதற்கும் பக்கத்திலேயே ஒரு கடையைத் திறந்து வைத்தார்கள் என்பதை அந்தத் தொழிலாளர்கள் தெளிவாகப் பார்த்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக்கூட உரிமை இல்லாத ஒருவன் அந்தியில் கள்ளுக்கடையில் எதைத் தேடியிருப்பான்? மரத்துக்கு மரம் ருசி பார்க்கும் நிதானத்தை அந்த வாழ்க்கை அவனிடம் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கும்?

ரசனைக்கு நாக்கு மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அவசரமில்லாத நேரம் வேண்டும். நாளைக்கும் கிடைக்கும் என்ற நிச்சயம் வேண்டும். மறக்க வேண்டியது அதிகமில்லாத ஒரு நாள் வேண்டும். இவை மூன்றும் இருப்பவன் இரண்டு கிளாஸோடு எழுந்து போவது பெரிய ஒழுக்கம் ஆகாது.

இது பழங்கதையும் இல்லை. 2013 டிசம்பர் 8ஆம் தேதி சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளர் பேருந்தில் அடிபட்டு இறந்ததை அடுத்துக் கலவரம் வெடித்தது. விசாரணைக் குழு சுட்டிய காரணங்களில் மதுவும் ஒன்று. 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 வரை தீவு முழுக்கப் பொது இடங்களில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதி முழுவதுமே கூடாது. சட்டத்தின் தேவையைப் பற்றி வாதாடலாம்; குடித்துவிட்டுச் சண்டை போடுபவர்களுக்கு நடுவில் பிள்ளைகளை வளர்க்கும் குடியிருப்பாளர்களின் பயமும் உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் என் ஞாயிற்றுக்கிழமையைத் தொடவில்லை. மரீனா பேயில் 33ஆவது மாடியில் செம்புக் கொப்பரைகள் மின்னும் மதுவடிப்பாலையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் மூன்றாவது கிளாஸைத் தொடங்கலாம். விடுதி அறையைப் பத்துப் பேரோடு பகிர்ந்துகொண்டு, வாரத்தில் ஒரே நாள் ஊர்க்காரனைச் சந்திப்பவனுக்குப் புல்தரையைத் தவிர வேறு கூடம் இல்லை. அவன் கையிலிருக்கும் டின்னும் என் கையிலிருக்கும் கிளாஸும் ரத்தத்தில் செய்யும் வேலை ஒன்றுதான். என்னுடையதில் ஆல்கஹால் கூடுதலாகவே இருக்கலாம்.

நம் மரபில் இந்த விஷயத்துக்கு ஒரே குரல் கிடையாது. வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதிக் கள்ளை விலக்கினார். புறநானூற்றில் ஔவையோ, அதியமானை இழந்து பாடும்போது அவன் கள்ளைப் பகிர்ந்த விதத்தை நினைக்கிறார்: கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து மகிழ்வான் என்று. அங்கே கள்ளின் மணம், நிறம் பற்றிப் பேச்சே இல்லை. குடித்தவனின் மதிப்பு, பக்கத்தில் இருந்தவர்களை அவன் எப்படி வைத்திருந்தான் என்பதில் தெரிகிறது.

நான் குடிப்பதை நிறுத்தப் போவதில்லை. யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. 'மட்டும்தான்' என்ற சொல்லைக் கீழே வைத்துவிடலாம் என்றுதான் சொல்கிறேன். ருசிக்காகவும் குடிக்கிறோம் என்று சொன்னால் போதும். அந்த 'உம்'முக்குள் மீதி எல்லாம் இருக்கிறது: சோர்வு, தனிமை, கூட்டாளிகளின் சிரிப்பு, கொஞ்சம் மறதி. அதைச் சொல்லிவிட்டால் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் டின்னோடு உட்கார்ந்திருப்பவனை ஏதோ வேறு இனம் போல் பார்க்க முடியாது. நாலு பைண்ட் சம்பாதித்துவிட்டேன் என்று கடிகாரத்தைக் காட்டும்போதும் கொஞ்சம் கூச்சம் வரும். அவன் வாரம் ஆறு நாள் நாள்முழுக்கச் செய்வதை எந்தக் கடிகாரமும் பைண்ட் கணக்கில் காட்டுவதில்லை.